விட்டதைப் பிடிக்கும் நோய்: சூதும் குடியும் ஒரே அத்தியாயத்துக்கு வந்தது எப்படி

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டத்தின் வரையறைப் பகுதியில் ஒரு சிறிய தொடர் இருக்கிறது. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடைக்குள் வரும். அது திறமையால் வெல்வதா, அதிர்ஷ்டத்தால் வெல்வதா, இரண்டும் கலந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்கிறது அந்தத் தொடர்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்திய நீதிமன்றங்களில் சூதாட்ட வழக்குகள் சுற்றிச் சுற்றி வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான். செகந்திராபாத்தில் இருந்த கிளப் ஒன்றின் வழக்கில், மூன்று சீட்டைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதல்ல, பெரும்பகுதி திறமை சார்ந்தது என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பும் குதிரைப் பந்தயத்தைத் திறமையின் பக்கம் வைத்தது. தமிழ்நாடு அரசு இணைய ரம்மிக்குக் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அறிக்கை பெற்று, ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அரசு மீண்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் திறமை ஆட்டங்களான ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது.

சட்டத்தின் பார்வையில் அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் கடன்பட்டு, பொய் சொல்லி, வீட்டை அடகு வைத்து, கடைசியில் உயிரையும் விட்டவர்களைப் புரிந்துகொள்ள அது உதவவில்லை. சூதாட்டத்தை நோயாக ஆராய்ந்த மனநல மருத்துவம் வேறு கேள்விகளைக் கேட்டது. ஆட்டம் எவ்வளவு வேகமாக நடக்கிறது? எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது? தோற்றவர் உடனே திரும்பி வர முடிகிறதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. ரம்மியில் பணம் இழந்து ஒருவர் இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் பேராசை என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல் இறந்தவர்களுக்கும் அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்களுக்கும் இழைக்கப்படும் அநீதி என்று நினைக்கிறேன்.

குடி ஒரு நோய் என்பதை ஏற்கவே நமக்கு நெடுங்காலம் பிடித்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கியபோது, குடிப்பவரை நோயாளி என்று அழைப்பதே பலருக்குப் புதிதாக இருந்தது. அதே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் சூதாட்ட நோய் முதன்முறையாக இடம்பிடித்தது. அதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர் ராபர்ட் கஸ்டர் என்ற மனநல மருத்துவர். ஒஹையோ மாநிலத்தில் பிரெக்ஸ்வில் என்ற ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் 1972-இல் சூதாடிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துச் சிகிச்சை தரத் தொடங்கியவர் அவர்.

பெயர் சேர்ந்ததே தவிர, சேர்ந்த இடம் விசித்திரமானது. குடிநோயோடும் அபின் வகைப் போதையோடும் அதை வைக்கவில்லை. பொருள்களைத் திருடும் உந்துதல், தீ வைக்கும் உந்துதல் ஆகியவற்றோடு, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகள் என்ற பிரிவில் வைத்தார்கள். உடலுக்குள் ஒரு வேதிப்பொருள் போனால்தான் அடிமைத்தனம் என்பது அன்றைய எண்ணம். சீட்டுக்கட்டிலிருந்து எதுவும் ரத்தத்தில் கலப்பதில்லையே!

அந்த எண்ணம் மாற 33 ஆண்டுகள் ஆயின. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு சூதாட்டக் கோளாறை எடுத்து, குடி, புகையிலை, கஞ்சா, அபின் இருக்கும் அத்தியாயத்துக்குள் வைத்தது. பொருள் எதுவும் இல்லாமல் அந்த அத்தியாயத்துக்குள் நுழைந்த ஒரே நோய் அதுதான். ஒன்பது அடையாளங்களில் குறைந்தது நான்கு ஓராண்டுக்குள் தென்பட்டால் நோய் என்று கொள்ளலாம். முன்பு திருட்டு, மோசடி போன்ற குற்றங்களும் ஓர் அடையாளமாக இருந்தன, அதை நீக்கிவிட்டார்கள்.

அந்த ஒன்பதையும் குடிநோயின் அடையாளங்களோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒற்றுமை தானாகத் தெரியும். அதே கிளர்ச்சிக்கு மேலும் மேலும் பெரிய தொகை தேவைப்படுகிறது; குடியில் அளவு கூடுவது போலத்தான். நிறுத்தினால் எரிச்சலும் நிலைகொள்ளாமையும் வருகின்றன. விட முயன்று முயன்று முடியாமல் போகிறது. நினைப்பெல்லாம் அதிலேயே இருக்கிறது. மனம் சோர்ந்த நேரத்தில் அதைத் தேடிப் போகிறார். வேலையையும் உறவையும் அதற்காக இழக்கிறார். எவ்வளவு ஆடினோம் என்பதை மறைத்துப் பொய் சொல்கிறார். சூதாட்டத்துக்கு மட்டுமே உரியவை இரண்டு. கடனை அடைக்கப் பிறரிடம் கையேந்துவது ஒன்று. மற்றொன்றுக்குச் சூதாடிகளே வைத்திருக்கும் பெயரைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது: விட்டதைப் பிடிப்பது. நேற்று பத்தாயிரம் போனது, இன்று அதை எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்ற கணக்கு. குடிப்பவர் நேற்றைய குடியைத் திருப்பி எடுக்க இன்று குடிப்பதில்லை. சூதாடிக்கு மட்டும் நோயே மருந்தின் வேடத்தில் வருகிறது. இந்த நோயின் கொடுமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அடையாளங்கள் ஒத்துப்போவது மட்டும் போதாது. ஒரே அத்தியாயத்தில் வைக்க வேறு சான்றுகளும் தேவைப்பட்டன. அமெரிக்காவில் 43,093 பேரிடம் நடந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு நான்சி பெட்ரியும் உடன் உழைத்தவர்களும் 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, சூதாட்ட நோய் கண்டவர்களில் 73 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் எப்போதாவது குடிநோயும் இருந்தது; 60 விழுக்காட்டினருக்கு நிக்கோட்டின் அடிமைத்தனம் இருந்தது; ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறும் இருந்தது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், குடிநோய்க்கான மரபுவழி ஆபத்தில் ஒரு பகுதியும் சூதாட்ட நோய்க்கான ஆபத்தில் ஒரு பகுதியும் பொதுவானவை என்று காட்டின. எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குடிநோய் இருக்கும் வீட்டில் பிள்ளை கையில் பண ஆட்டச் செயலி இருந்தால் கவனிக்கக் காரணம் இருக்கிறது.

என்னை மிகவும் பாதித்த சான்று எதிர்பாராத இடத்திலிருந்து, பார்க்கின்சன் நோயாளிகளிடமிருந்து வந்தது. கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் அந்த நோயில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. அந்தக் குறையை ஈடுகட்ட, டோபமினைப் போலவே செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. 2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இந்த வகை மருந்தை எடுத்துக்கொண்டபோது சூதாட்ட நோய்க்கு ஆளானவர்கள் அவர்கள். மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் பலருக்கு அந்த வெறி அடங்கியது. 2010-இல் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், இந்த மருந்தை எடுத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது போன்ற உந்துதல் கோளாறுகளில் ஏதாவது ஒன்று இருந்தது. எடுக்காதவர்களில் 7 விழுக்காட்டினருக்கே இருந்தது.

குணக்கேடு, வளர்ப்பு, பேராசை என்று நாம் அடுக்கும் காரணங்களை வைத்து இதை விளக்கிப் பாருங்கள். காலம் முழுவதும் சிக்கனமாக வாழ்ந்த ஒருவர் மாத்திரையின் அளவு கூடியதும் ஓய்வூதியத்தைச் சூதாட்டக் கூடத்தில் கொட்டுகிறார். அளவு குறைந்ததும் நிறுத்துகிறார். அவருடைய ஒழுக்கம் மாத்திரையோடு ஏறி இறங்கியதா? மருந்து எடுத்த பெரும்பாலோருக்கு எதுவும் ஆகவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூளையின் வேதியியல் ஒரு கதவைத் திறக்கிறது. யார் நுழைவார்கள் என்பதை வயது, மரபு, மனநிலை, பக்கத்தில் சூதாட வசதி இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன.

டோபமின் என்றாலே இன்பம் தரும் வேதிப்பொருள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆய்வுகள் சொல்வது அதுவல்ல. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமின் செல்களைக் கவனித்தார். தொடக்கத்தில் சாறு கிடைக்கும்போது செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரியும்போதே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் பதிவு செய்தன. 2003-இல் அவரது குழு இன்னொன்றையும் கண்டது. சாறு வருமா வராதா என்பது சரிபாதி வாய்ப்பாக இருக்கும்போது, விளக்குக்கும் சாறுக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் டோபமின் செல்களின் செயல்பாடு மெல்ல மெல்ல ஏறியது. நிச்சயமாக வரும் என்றாலோ நிச்சயமாக வராது என்றாலோ அந்த ஏற்றம் இல்லை. சூதாட்டம் முழுவதும் அந்தக் காத்திருப்பால் ஆனது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுதாக நீக்கிப் பார்த்தார். நாக்கில் சர்க்கரை பட்டால் அந்த எலிகளின் முகத்தில் சுவைத்த குறி அப்போதும் தெரிந்தது. ஆனால் அவை உணவைத் தேடிப் போகவில்லை. ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்தன. சுவைப்பது வேறு, வேண்டும் என்று தவிப்பது வேறு. டோபமின் இரண்டாவதைச் சேர்ந்தது என்பது அவரும் டெரி ராபின்சனும் 1993-இல் முன்வைத்த கொள்கை. போதைப் பொருளும் சூதும் இந்தத் தவிப்பை மட்டும் கூர்தீட்டிக்கொண்டே போகின்றன. இன்பம் கூடுவதில்லை, பல நேரம் குறைந்தும் போகிறது. ஆடும்போது சந்தோஷமே இல்லை, ஆனாலும் விரல் தானாகப் போகிறது என்று சூதாடி சொல்லும்போது வீட்டில் யாரும் நம்புவதில்லை. சந்தோஷம் இல்லாமலா இவ்வளவு பணத்தைத் தொலைத்தாய் என்று கேட்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

திறமைக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. 1975-இல் எலன் லேங்கர் என்ற உளவியலாளர் ஒரு டாலர் விலையுள்ள லாட்டரிச் சீட்டுகளைச் சிலருக்குத் தானே எடுத்துக் கொடுத்தார். சிலரைத் தாங்களே தேர்ந்தெடுக்கச் சொன்னார். பிறகு அதைத் திருப்பி விற்க என்ன விலை கேட்பீர்கள் என்று விசாரித்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். என் கை பட்டால் வாய்ப்பு கூடும் என்ற அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்பாட்டு மாயை என்று பெயர் வைத்தார்.

2009-இல் லூக் கிளார்க் இதை மூளை ஸ்கேனுக்குள் கொண்டுபோனார். சுழலும் படங்கள் ஒத்துப்போனால் பரிசு தரும் ஆட்டத்தில், ஒரே ஒரு படி தள்ளி நின்றுபோகும் தோல்விகளை மட்டும் தனியாகப் பார்த்தார். முழுத் தோல்வியைவிட இந்த நூலிழைத் தோல்வி கசப்பாக இருக்கிறது என்றே ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனால் உண்மையான வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகள் அப்போதும் இயங்கின. இன்னொரு முறை ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடியது. அதிலும் முக்கியமானது, படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில்தான் அந்த ஆசை கூடியது. கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்த சுற்றுகளில் கூடவில்லை.

இதை ரம்மிக்குப் பொருத்திப் பாருங்கள். பதின்மூன்று சீட்டில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று ஒவ்வொரு முறையும் ஆடுபவரே முடிவு செய்கிறார். ஒரு சீட்டு வந்திருந்தால் முடித்திருப்பேன் என்ற நிலையில்தான் பெரும்பாலான கைகள் தோற்கின்றன. கையில் ஓரளவு திறமையும் இருக்கிறது, அது பொய்யில்லை. அதனாலேயே தோல்வி என்பது அடுத்த முறை திருத்திக்கொள்ளக்கூடிய தவறாகத் தெரிகிறது. லாட்டரியில் தோற்றவருக்கு நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ள வழி உண்டு. ரம்மியில் தோற்றவர் அந்த 9-ஐக் கழித்திருக்கக் கூடாது என்று நினைக்கிறார். நீதிமன்றத்தில் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றிய திறமை, மனத்துக்குள் விட்டதைப் பிடிக்கும் நம்பிக்கைக்குத் தீனி போடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நிறுவனம் தன் கழிவை எடுத்துக்கொள்வதால், மேசையில் இருக்கும் மொத்தப் பணம் ஒவ்வொரு ஆட்டத்திலும் சுருங்குகிறது. ஒரு சிறுபான்மை வல்லவர்கள் வெல்லலாம். மற்றவர்கள் எவ்வளவு அதிகம் ஆடுகிறார்களோ அவ்வளவு உறுதியாக இழப்பார்கள்.

திறமையைவிட வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ராபர்ட் பிரீனும் மார்க் சிம்மர்மனும் 2002-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று சான்று. சிகிச்சைக்கு வந்த சூதாடிகளில், ஓர் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடத் தொடங்கியதிலிருந்து நோய் நிலைக்குப் போக எவ்வளவு காலம் ஆனது என்று அவர்கள் கேட்டார்கள். குதிரைப் பந்தயம், சீட்டு போன்ற பழைய ஆட்டங்களில் ஈடுபட்டவர்களுக்குச் சராசரியாக மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தில் ஆடியவர்களுக்கு ஓராண்டுதான். பந்தயத்துக்கு நடுவே காத்திருக்க வேண்டும். சீட்டைக் கலைத்துப் போட வேண்டும். எதிரில் இருப்பவர் எழுந்து வீட்டுக்குப் போவார். இயந்திரத்துக்கு இவை எதுவும் இல்லை. பழைய மனமகிழ் மன்றத்து ரம்மியும் கைப்பேசி ரம்மியும் விதியில் ஒன்றுதான், ஆனால் நோயை உண்டாக்கும் தன்மையில் அவை இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள். கைப்பேசியில் மன்றத்துக்குப் பூட்டு கிடையாது. அதிகாலை மூன்று மணிக்கும் எதிராளி தயாராக இருப்பார். பணம் எடுக்க வெளியே நடந்து போகவும் வேண்டாம், யுபிஐ இருக்கிறது. விட்டதைப் பிடிக்கும் எண்ணம் எழும் நொடிக்கும் பணம் போகும் நொடிக்கும் நடுவே மனம் மாற இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கிப் பார்த்த நாடு நார்வே. 2007 ஜூலையில் நாடு முழுவதும் சூதாட்ட இயந்திரங்களை அகற்றினார்கள். ஆடியவர்கள் எல்லாரும் வேறு சூதுக்குத் தாவிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. அந்த அளவில் அது நடக்கவில்லை, மொத்தச் சூதாட்டமும் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டின. பிறகு புது இயந்திரங்களைக் கொண்டுவந்தபோது அடையாள அட்டை, கட்டாய இடைவேளை, இழக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு ஆகியவற்றோடு கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் பந்தயக் கடைகளில் இருந்த இயந்திரங்களில் 20 நொடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்ததை 2019 ஏப்ரலில் 2 பவுண்டாகக் குறைத்தார்கள். மறு ஆண்டு கிரெடிட் கார்டில் சூதாடுவதைத் தடை செய்தார்கள். தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டங்களை மூடச் சொன்னதும், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றதும் இந்த வழியில் வைத்த அடிகள். தூக்கமின்றி, தனிமையில், தோற்ற சூட்டோடு ஒருவர் இருக்கும் நேரம் அது. மருத்துவ நோக்கில் பார்த்தால் திறமை பற்றிய எல்லா வாதங்களையும்விட அந்த ஐந்து மணி நேரத்துக்கு அர்த்தம் அதிகம்.

ஒரே அத்தியாயம் என்பதால் எல்லாம் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொக்கெய்ன், மதுவுக்கு அடிமையானவர்களின் மூளையில் டோபமினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகை குறைந்திருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டன. சூதாட்ட நோயாளிகளிடம் அதே முறையில் தேடியபோது அந்தக் குறைவு தென்படவில்லை. போதைப் பொருள் மூளையை நேரடியாகத் தாக்குகிறது. சூது கற்றலின் வழியாகவே உள்ளே போகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வீடியோ விளையாட்டுகளைப் பொறுத்தவரை ஆய்வுலகில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி முதல் அதை நோயாக ஏற்கிறது. அமெரிக்கக் கையேடு மேலும் ஆராய வேண்டியவற்றின் பகுதியில் வைத்திருக்கிறது. கைப்பேசியில் நெடுநேரம் விளையாடும் பிள்ளைகளையெல்லாம் அடிமைகள் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்வம் வேறு, வாழ்க்கை சிதைவது வேறு.

இந்தியாவில் இந்தத் துறையில் ஆய்வு மிகக் குறைவு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 5,580 கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எப்போதாவது சூதாடியிருப்பதையும், மொத்த மாணவர்களில் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோரிடம் சூதாட்டச் சிக்கல் இருப்பதையும் காட்டியது. அரசே லாட்டரி விற்கும் மாநிலம் அது என்பதால் லாட்டரியே முதலிடத்தில் இருந்தது. நாடு தழுவிய பெரிய கணக்கெடுப்பு என்று பார்த்தால், எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் தயாரித்து 2019-இல் வந்த அறிக்கை மது, கஞ்சா, அபின் போன்ற பொருள்களைப் பற்றியது மட்டுமே. மது அருந்துவோர் 16 கோடி என்றும், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும் அது சொன்னது. நோய் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட குடிக்கே இதுதான் நிலை.

சூதாட்ட நோயில் உயிர் ஆபத்து மிகப் பெரிது. சுவீடனில் மருத்துவப் பதிவேடுகளில் சூதாட்ட நோயாளிகளாகப் பதிவான 2,099 பேரைத் தொடர்ந்து பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை விகிதம் பொது மக்களைவிட ஏறக்குறைய 15 மடங்கு இருந்தது. மருத்துவமனை வரை வந்தவர்கள் என்பதால் அவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள்தான். இருந்தாலும் அந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. குடிநோய் பல ஆண்டுகளில் உடலைக் கெடுத்து, கண்ணுக்குத் தெரிந்து வருகிறது. சூதாட்டக் கடன் வெளியே தெரிவதில்லை. வாசனை இல்லை, தள்ளாட்டம் இல்லை. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் வீட்டுக்குத் தெரிகிறது. அந்த நாளை அடுத்து வரும் நாட்களில் அவரைத் தனியே விடக் கூடாது. கேள்வி கேட்பதும் கணக்குப் பார்ப்பதும் பிறகு நடக்கலாம். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

நம்பிக்கைக்கு இடமில்லாத நோயும் இது அல்ல. வெண்டி ஸ்லட்ஸ்கி அமெரிக்காவின் இரண்டு தேசிய ஆய்வுகளை வைத்து 2006-இல் காட்டியது போல, வாழ்நாளில் எப்போதோ சூதாட்ட நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் கடைசி ஓராண்டில் எந்தச் சிக்கலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போனதில்லை. வாழ்க்கைச் சூழல் மாறினால் பலர் தாமாகவே வெளியே வருகிறார்கள். வர முடியாதவர்களுக்குச் சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் உளச்சிகிச்சைக்கு நல்ல சான்றுகள் உள்ளன. என் கை பட்டால் வாய்ப்பு கூடும், அடுத்த ஆட்டத்தில் திரும்பும் போன்ற எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிப்பது அதன் முக்கியப் பகுதி. இதற்கென்றே அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து எதுவும் இல்லை. குடிநோய்க்குத் தரும் நால்ட்ரெக்சோன் சில ஆய்வுகளில் சூதாடும் வேட்கையையும் குறைத்தது. ஒரு மருந்து இரண்டு நோய்களையும் தொடுவது, ஒரே அத்தியாயத்தில் வைத்ததற்கு இன்னொரு ஆதரவு. வீட்டில் செய்யக்கூடியது எளிமையானது, ஆனால் கசப்பானது: வங்கிக் கணக்கும் யுபிஐயும் கொஞ்ச காலத்துக்கு வேறொருவர் கையில் இருக்க வேண்டும். கடனை வீட்டார் ஓசைப்படாமல் அடைத்துவிட்டு, பணத்தை மறுபடி அவரிடமே கொடுப்பதுதான் பல குடும்பங்கள் அன்பால் செய்யும் தவறு. விட்டதைப் பிடிக்க அதுவே புதிய முதலாகிவிடுகிறது.

புதிய மத்தியச் சட்டத்தை எதிர்த்தும் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. திறமை என்ற பழைய வாதம் எப்படி முடிந்தாலும், தடையின் எல்லையைத் தமிழ்நாடு ஏற்கெனவே அறியும். 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி அதன் பிறகும் நிற்கவில்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரு இருந்த கடைகள் மறைந்ததால், சீட்டு வாங்க நினைத்தவர் தேடிப் போக வேண்டியதாயிற்று. வேகத்தையும் கைக்கெட்டும் தூரத்தையும் பற்றிய ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் அதற்கும் மதிப்பு உண்டு. தடை புதியவர்களைக் குறைக்கும். ஏற்கெனவே நோயுற்றவர்களுக்கோ வெளிநாட்டுத் தளங்கள் திறந்தே இருக்கின்றன. அவர்களைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் வேலை சட்டத்தில் இல்லை.

அந்த வேலையைத் தொடங்கப் புதிய கட்டடம் தேவையில்லை. சூதாட்ட நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் குடியும் இருக்கிறது என்றால், அவர்களில் ஒரு பகுதியினர் இப்போதே நம் போதை மீட்பு மையங்களில் வேறொரு நோயின் பெயரில் படுத்திருக்கிறார்கள். சேரும்போது நிரப்பும் படிவத்தில் மது, பீடி, கஞ்சா பற்றிய கேள்விகளுக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். 1997-இல் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பயன்படும் இரண்டு கேள்விகள் அவை. பந்தயத்தில் மேலும் மேலும் பணம் கட்ட வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எவ்வளவு சூதாடினீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் எப்போதாவது பொய் சொல்ல வேண்டியிருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் விரிவாக விசாரிக்க வேண்டும். இதைக் கேட்க மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை; சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் செவிலியரே கேட்கலாம், மனைவியோ தாயோ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.